நிக்காஹ் தஃப்தரில் ஒரு கட்டம்

சென்ற ஷவ்வால் மாதத்தில் நம் மஹல்லாவில் ஒரு சம்பந்தப் பேச்சு நடந்தது. பெண் வீட்டார் அழைத்திருந்தபடியால் நாமும் சென்றிருந்தோம். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று பெண்ணின் பெரியத்தா வினவினார். மாப்பிள்ளையின் மாமா சற்றும் தயங்காமல், "கம்பெனியில் பார்ட்னராக இருக்கிறார்" என்றார். பெரியத்தாவின் முகம் மலர்ந்தது. "எத்தனை பங்கு?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார். மாமா விழித்தார். மூலையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் சிரிப்பை அடக்கமாட்டாமல், "அந்தக் கம்பெனிக்கு இலட்சக் கணக்கில் பார்ட்னர்கள் இருக்கிறார்கள் பெரியத்தா. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை" என்றார். சபை சிரித்தது. மாப்பிள்ளைப் பிள்ளை, இருசக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் கொண்டு சேர்ப்பவர்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை நம்மிடம் ஓதியவர். மதரஸாவில் நான்காண்டுகள் இருந்து, வீட்டுச் சூழ்நிலையால் இடையில் நின்றவர். இரண்டு நாள் கழித்து இஷாவுக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். ஸலாம் உரைத்து உட்கார்ந்தவர், கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அதன் திரையில் அவருடைய பெயருக்குக் கீழே பங்காளி என்னும் பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல் மின்னியது.

"ஹஜ்ரத், நீங்கள் எங்களுக்கு ஷிர்க்கத் பாடம் நடத்தினீர்கள். கூட்டாளி என்றால் இலாபத்திலும் பங்கு, நட்டத்திலும் பங்கு என்று சொன்னீர்கள். எனக்கு நட்டத்தில் மட்டும் பங்கு தருகிறார்கள். இது எந்த வகை ஷிர்க்கத்?"

பகல் பதினொரு மணி முதல் இரவு பதினொரு மணி வரை அவர் கைப்பேசியைத் திறந்து வைத்திருக்கிறார். அதில் ஐந்து மணி நேரம் பிரியாணிக் கடை வாசலில் நிற்பதிலேயே கழிகிறது. அந்த ஐந்து மணிக்கு ஊதியம் இல்லை. வண்டியின் தவணை அவருடையது, பெட்ரோல் அவருடையது. குழம்பு சிந்திவிட்டால் அதன் விலை அவர் கணக்கில் கழியும். எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று விலை பேசும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

நம் மாணவர் வேடிக்கையாகக் கேட்டது போல் இருந்தாலும், அது பாடம் கேட்ட பிள்ளையின் கேள்விதான். அன்றிரவு நாம் இரண்டு அலமாரிகளைத் திறந்தோம். ஒன்றில் அரபுக் கிதாபுகள், மற்றொன்றில் தமிழ் நூல்கள். கூலிக்கு உழைப்பவனை நம் சட்ட நூல்கள் எப்படிப் பார்த்தன, நம் இலக்கியம் எப்படிப் பார்த்தது என்று ஒப்பிட்டு நோக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. இக்கட்டுரை அதன் விளைவு. இதை ஃபத்வாவாகக் கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இலக்கிய விமரிசனமாக மட்டும் கொள்க.

கிதாபுகளிலிருந்து தொடங்குவோம். இமாம் மர்கீனானியின் ஹிதாயா நம் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வருவது. அவர் 1197இல் மறைந்தவர். அந்நூலின் இஜாரா, அதாவது வாடகை, கூலி பற்றிய பகுதியில், கூலி பெறுவோர் இரு வகையினர் எனப் பிரிக்கப்படுகின்றனர். ஒருவர் 'அஜீர் முஷ்தரக்', அதாவது பொதுக் கூலியாளர். சாயம் தோய்ப்பவரும் துணி வெளுப்பவரும் இதற்கு எடுத்துக்காட்டுகள். இவர் பலருக்கும் வேலை செய்கிறார். வேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. மற்றவர் 'அஜீர் காஸ்', அதாவது தனிக் கூலியாளர். ஷாஃபிஈ நூல்களில் இவருக்கு 'முன்ஃபரித்' என்று பெயர். ஒரு மாதத்துக்கு வீட்டுப் பணிக்கோ ஆடு மேய்க்கவோ அமர்த்தப்பட்டவரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். இவர் விற்றது தம் நேரத்தை. ஆகவே குறித்த காலத்தில் தம்மை ஒப்படைத்து ஆயத்தமாக நின்றாலே கூலிக்கு உரியவராகிறார். அமர்த்தியவர் வேலை கொடுக்காமற் போனால் அது அமர்த்தியவரின் பாடு.

பொருள் கெட்டால் யார் பொறுப்பு என்பதிலும் இந்தப் பிரிவினை தொடர்கிறது. தனிக் கூலியாளர் வேண்டுமென்றே வரம்பு மீறினாலன்றி ஈடு கொடுக்க வேண்டியதில்லை. பொதுக் கூலியாளர் கையில் உள்ள பொருள் அமானிதமே என்றார் இமாம் அபூஹனீஃபா. அவருடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும், பெருந்தீ போன்ற தவிர்க்க முடியாத காரணம் அல்லாதவற்றில் அவர் ஈடு தர வேண்டும் என்றனர். மக்களின் பொருள் பாதுகாக்கப்பட வேண்டுமே என்பது அவர்கள் கவலை. இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

ஈண்டு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு நூல், ஒருவன் கூலிக்காரன் என்று தெரிந்தவுடன், "நீ விற்றது உன் நேரத்தையா, உன் வேலையையா? காத்திருந்த நேரம் யாருடையது?" என்று கேட்கிறது. அவனுடைய பட்டப் பெயரை அது கேட்கவில்லை.

இனித் தமிழ் அலமாரிக்கு வருவோம்.

நம் பெருங்காப்பியமான சீறாப்புராணத்தைப் பாட உமறுப் புலவருக்குத் துணை நின்றவர்கள் வள்ளல் சீதக்காதியும், பின்னர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரக்காயரும். இருவரும் செல்வர்கள், கடல் வணிகத்தில் தழைத்த ஊர்களின் பெருமக்கள். அக்காப்பியத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் ஷாம் தேசத்து வணிகப் பயணம் விரிந்து நிற்பதில் வியப்பில்லை. ஒட்டகங்களும் சரக்கும் பாலைவனமும் தமிழ் நிலத்து மணத்தோடு அதில் வருகின்றன. அந்தப் பயணத்தை நம் மக்கள் எப்போதும் வணிகப் பெருமையாகவே கேட்டு வந்துள்ளனர். ஆனால் இப்னு ஹிஷாமின் ஸீரத் நூலில், அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்குடன் ஆண்களை அனுப்பி வந்த செய்தியைச் சொல்லுமிடத்தில் இரு வினைச்சொற்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று கூலிக்கு அமர்த்துதலைக் குறிப்பது, மற்றொன்று இலாபத்தில் பங்கு தந்து முதலீடு செய்தலைக் குறிப்பது. உழைப்பவனுக்கு இரண்டு பெயரும் பொருந்தும் ஓர் ஏற்பாடு அன்றும் இருந்தது. அந்தப் பங்கு மெய்யான பங்கு என்பதுதான் வேறுபாடு. மேலும் அண்ணலார் இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்ததை இமாம் புகாரி தம் தொகுப்பில் இஜாரா பாடத்தின் கீழேயே வைத்திருக்கிறார். நம் மீலாது மேடைகளில் வணிகரான நபியைப் பற்றிக் கேட்ட அளவுக்குக் கூலிக்கு மேய்த்த நபியைப் பற்றி நாம் கேட்டதில்லை. பேசியதுமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், அம்மேடைகளில் பேசியவர்களில் நாமும் ஒருவர்.

கூலி வேலையை இழிவாகக் கருதுவது தமிழருக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டாம். 1377இல் தம் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், ஈட்டம் என்பது மனித உழைப்பின் மதிப்பே என்று சொல்லும் அளவுக்குத் தொலைநோக்கு உடையவர். அவரே பிறரிடம் ஏவல் புரிந்து பிழைப்பதை இயற்கையான வாழ்வு வழி அன்று என்று தனி அத்தியாயம் எழுதினார். பேரறிஞர்களுக்கும் ஒரு மூலை இருட்டாக இருக்கும்.

தற்கால நாவலுக்கு வருவோம். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்து 1988இல் நூலாயிற்று. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் கொடுங்கோலுக்கு ஊரே அடங்கிக் கிடக்கையில், அடங்க மறுத்து நிமிர்ந்து நிற்பவர் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது. அந்த நாவலை நாம் மூன்று முறை வாசித்திருக்கிறோம். மூன்றாம் முறைதான் இது பட்டது: எதிர்த்து நிற்க முடிந்தவருக்குச் சொந்தச் சரக்கு இருந்தது. முதலாளியிடம் அன்றாடம் கையேந்தி நின்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆசிரியர் இதை உரைக்காமலே காட்டுகிறார். 'துறைமுகம்' நாவலில் கருவாட்டைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, அங்குள்ள வணிகர் சொல்லும் விலையை நம்பி ஏமாறும் சிறு வியாபாரிகள் வருகின்றனர். சரக்கு தம்முடையதாக இருந்தும் விலை தம்முடையதாக இல்லாதவர்கள் அவர்கள். நம் மாணவர் அந்நாவலை வாசித்தால் அதில் தம் முகத்தைக் காண்பார் என்று நினைக்கிறோம். 1997இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி'யோ, வேலையே செய்யாத ஒருவரின் கதை. முஸ்தபாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்தபடி முன்னோர் சேர்த்ததை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். தமிழ் முஸ்லிம் வாழ்வின் சரிவை இதைவிடக் கூர்மையாக யாரும் எழுதவில்லை என்பது நம் கருத்து.

எனினும் முதலாளி, வியாபாரி, அழிந்துபோன பெரிய வீடு என்னும் மூன்று தூண்களின் மீதே நம் புனைகதை பெரும்பாலும் நின்றுவிட்டது. இடையில் உழைத்தவன் நிழலாகவே வருகிறான்.

இதற்கு ஒரு காரணம் நம் சொற்களில் இருக்கிறது. பொருள் தேடி வெளியூர் போனவரை 'சபராளி' என்றோம். சபர் என்றால் பயணம். பயணி என்று அழைத்தவுடன், அங்கே போய் என்ன வேலை செய்தார் என்ற கேள்வி மறைந்துபோயிற்று. நம் ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் தஃப்தரை நாம் புரட்டிப் பார்த்ததுண்டு. 'தொழில்' என்று தலைப்பிட்ட கட்டத்தில் பலருக்கு 'வியாபாரம்' என்றிருக்கும். மற்றவர்களுக்கு 'ரங்கூன்', 'பினாங்கு', 'கொழும்பு' என்று எழுதியிருக்கும். 1973இல் எண்ணெய் விலை ஏறி வளைகுடாவின் கதவுகள் அகலத் திறந்த பிறகு அதே கட்டத்தில் 'சவூதி', 'துபாய்', 'குவைத்' என்று ஆயிற்று. ஓர் ஊரின் பெயர் ஒரு மனிதனின் தொழிலாக எழுதப்படுவதை எவரும் விந்தையாகக் கருதவில்லை. தேநீர்க்கடையில் கோப்பை கழுவியவரும் துபாய், வங்கியில் கணக்கு எழுதியவரும் துபாய்.

அந்த வளைகுடாவில் நம்மவர்கள் கற்ற முதல் அரபுச் சொல் 'கஃபீல்'. இச்சொல்லுக்கு நேர்ந்த கதியை நினைக்கும்போது ஓர் அரபு ஆசிரியர் என்ற முறையில் நமக்கு வேதனையாக இருக்கிறது. ஃபிக்ஹில் கஃபீல் என்பவர் பிறருடைய கடனுக்குத் தம்மைப் பிணையாகத் தருபவர். சுமை ஏறுவது கஃபீலின் தோளில். கடன்பட்டவரின் பாரம் அதனால் குறையும். வளைகுடாவின் நடைமுறையிலோ, கஃபீல் என்பவர் தொழிலாளியின் தங்கும் உரிமையையும் வேலை மாறும் உரிமையையும் கையில் வைத்திருப்பவர் ஆனார். பிணை நின்றவர் கட்டுப்படுவது போய், பிணை பெற்றவர் கட்டுண்டார். சொல் அதேதான், பொருள் தலைகீழ்.

மலையாளத்தில் பென்யாமின் 2008இல் எழுதிய 'ஆடுஜீவிதம்' தமிழிலும் வந்து, 2024இல் திரைப்படமாகவும் ஆயிற்று. நம் குடும்பங்களில் பலர் அதைப் படித்தோ பார்த்தோ அழுதிருக்கிறார்கள். நஜீப் என்பவன் விமான நிலையத்திலிருந்து ஒருவரால் அழைத்துச் செல்லப்பட்டு, பாலைவனத்தில் ஆடுகளோடு ஆடாகக் கூலியின்றிக் கிடக்கிறான். ஹிதாயாவில் தனிக் கூலியாளருக்கு எடுத்துக்காட்டாக வரும் அதே மேய்ப்பன்! அந்த மேய்ப்பன் ஆயத்தமாக நின்றாலே கூலி கடன் என்று கிதாபு சொல்ல, இந்த மேய்ப்பனுக்கு ஓயாமல் உழைத்தும் ஒன்றுமில்லை. கதையின் இறுதியில் அந்த முதலாளி அவனுடைய கஃபீலே அல்லன் என்று தெரியவரும் இடம் நம்மை உறையச் செய்தது. சட்டப்படி அவன் யாருடைய ஆளும் இல்லை.

இந்நாவலைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும், அதுவும் நூலின் குறையைவிட வாசகரின் குறை. நஜீபின் தாகமும் அடியும் தனிமையும் நம்மை அழவைத்தன. அவனுக்குச் சேர வேண்டிய கூலி எவ்வளவு, அதை யார் தருவது என்று எவரும் கேட்கவில்லை. துன்பத்தைக் கண்டால் நாம் துஆ செய்கிறோம். கணக்குக் கேட்பதில்லை. மூஸா நபி (அலை) அவர்கள் மத்யனில் பணிக்கு அமர்ந்தபோது எட்டு ஆண்டு என்றும், பத்தாக்கினால் அது தம் விருப்பம் என்றும் கெடு முதலிலேயே பேசி முடிக்கப்பட்டதைத் தஃப்ஸீர் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவிட்டுப் போகிறோம். விசா முகவரிடம் பணம் கட்டும் வீட்டில் அதைச் சொல்வதில்லை.

மீரான் மைதீனின் 'அஜ்னபி' இவ்வகையில் வேறு தடத்தில் செல்வது. அந்நியன் என்று பொருள்படும் அரபுச் சொல்லையே தலைப்பாகக் கொண்ட அந்நாவல், வளைகுடாத் தொழிலாளரை அழவைக்கும் பொம்மைகளாக்காமல், சிரிப்பும் சூழ்ச்சியும் ஏக்கமும் உள்ள மனிதர்களாகக் காட்டுகிறது. நம் இலக்கியத்தில் சபராளி தொழிலாளியாக மாறிய இடம் அது என்று சொல்லலாம்.

வளைகுடாவும் முன்போல் இல்லை. 2011இல் சவூதி அரேபியா 'நிதாகாத்' திட்டத்தைக் கொண்டுவந்து, தம் நாட்டவரை இத்தனை விகிதம் அமர்த்த வேண்டும் என்று நிறுவனங்களுக்கு விதித்தது. நம் தெருக்களில் பலர் அதற்குப் பின் பெட்டியோடு திரும்பினர். 2020இல் கத்தர், வேலை மாறுவதற்கு முதலாளியின் ஒப்புதல் தேவையில்லை என்று சட்டம் செய்து, மறு ஆண்டு மார்ச்சு முதல் குறைந்தபட்ச ஊதியமாக ஆயிரம் ரியாலை நடைமுறைப்படுத்தியது. 2021 மார்ச்சில் சவூதியும் சில நிபந்தனைகளோடு வேலை மாற வழி விட்டது, வீட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. இவை நல்ல மாற்றங்கள், போதிய மாற்றங்கள் அல்ல. அது தனிக் கட்டுரைக்குரியது.

பெட்டியோடு திரும்பியவர்களுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஊரில் காத்திருந்தது நம் மாணவரின் கைப்பேசி. அதற்கு வருமுன், ஆண்களின் கதையையே பேசிக்கொண்டு போகும் நாம் ஒரு திண்ணையருகே நின்றாக வேண்டும்.

மேலப்பாளையம், கடையநல்லூர் போன்ற ஊர்களில் கைத்தறி நலிந்த காலத்தில் வீட்டுப் பெண்களின் மடியில் பீடிச் சுளகு ஏறியது. இலை வெட்டி, தூள் நிரப்பி, சுற்றி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கடையில் கழித்துப் போட்டால் அந்த நட்டம் அவள் தலையில். வாசலைத் தாண்டாமலே இரண்டு தலைமுறைக் குடும்பங்களுக்கு அவள் சோறு போட்டாள், பெண் மக்களுக்கு நகை சேர்த்தாள். இருந்தும், தஃப்தரில் மணமகளுக்குத் தொழில் என்ற கட்டமே கிடையாது. நம் கதைகளிலும் அவள் திரைக்குப் பின்னால் சுளகின் ஓசையாகவே இருக்கிறாள். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்து, நம் பெண்களின் அடைபட்ட வாழ்வை எழுதியபோது ஊர்கள் கொதித்தன. பெண்ணின் மனத்தை எழுதியதற்கே அத்தனை கொதிப்பு என்றால், அவளுடைய உழைப்பின் கணக்கை எழுதினால் என்ன ஆகுமோ!

இந்தப் பீடிக் கணக்கில் நம் மாணவரின் கேள்விக்கு ஒரு முன்கதை இருக்கிறது. பீடித் தொழிலில் ஒரு தந்திரம் கையாளப்பட்டது. இலையும் தூளும் சுற்றுபவளுக்கு விற்கப்பட்டதாகவும், அவள் சுற்றிய பீடி அவளிடமிருந்து வாங்கப்பட்டதாகவும் கணக்கு எழுதினார்கள். அப்படி எழுதிவிட்டால் அவள் தொழிலாளி அல்லள், வியாபாரி! வியாபாரிக்குச் சேமநல நிதி ஏது, விடுப்பு ஏது? 'பார்ட்னர்' என்னும் சொல் கைப்பேசியில் பிறந்ததன்று என்க. அதன் மூத்த சகோதரி சுளகில் பிறந்தவள்.

1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இந்த முகமூடியைப் பெரிதும் கிழித்தது. மூலப்பொருள் பெற்று வீட்டிலிருந்தே சுற்றித் தருபவளும் தொழிலாளியே என்று அது வரையறுத்தது. முதலாளிகள் அதை எதிர்த்து வழக்காடினர். 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நடைமுறையில் ஓட்டைகள் இருந்தன என்பதை அவ்வூர்ப் பெண்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆயினும் பெயரைப் பார்க்காமல் உறவைப் பார்க்க வேண்டும் என்ற நெறி அங்கே நாட்டப்பட்டது.

கைப்பேசி வேலைக்கு இன்று என்ன நெறி? நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இந்தியாவில் இத்தகைய வேலையில் இருந்தோர் 77 இலட்சம் என்றும், 2029-30இல் 2 கோடியே 35 இலட்சமாக வளரக்கூடும் என்றும் கணித்தது. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. செயலி நிறுவனங்கள் தம் ஆண்டு வரவில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை இவர்களுடைய நலநிதிக்குத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. வரவேற்க வேண்டியதே. தமிழகத்திலும் இவர்களுக்கென நலவாரியம் அமைந்திருக்கிறது. ஆனால் அச்சட்டம் இவர்களை, மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர்கள் என்றுதான் வரையறுக்கிறது. நிதி உண்டு, உறவு இல்லை. காத்திருந்த நேரம் யாருடையது என்ற கேள்வி அங்கே எழுப்பப்படவே இல்லை.

அக்கேள்வியை வேறோர் இடத்தில் எழுப்பினார்கள். 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ஊபர் வாடகைக்கார் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. அவர்கள் தனி வியாபாரிகள் அல்லர், தொழிலாளர்களே என்றது. உரிமம் பெற்ற எல்லைக்குள் செயலியைத் திறந்து, சவாரி ஏற்க ஆயத்தமாக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. முழு ஊழியர் என்ற நிலைக்குச் சற்றுத் தாழ்ந்த படிதான் அது. எனினும் தீர்ப்பின் செய்தியைப் படித்தபோது ஹிதாயாவின் மேய்ப்பன் கோலூன்றி நம் கண்முன் நின்றான்.

நம் மாணவர் எந்த வகை? அவரிடம் நாம் சொன்னது இது. வேலை முடிந்தால்தான் கூலி என்பதும், சிந்தினால் ஈடு என்பதும் பொதுக் கூலியாளரின் இலக்கணம். ஆனால் சாயக்காரனும் வெளுப்பவனும் தம் விலையைத் தாமே பேசினார்கள். வேண்டாத வேலையை மறுத்தார்கள். அதற்காக அவர்களுக்கு அடுத்த வேலை குறையவில்லை. சொன்ன சட்டையை அணிவதும், சொன்ன வழியில் போவதும், சொன்ன விலைக்கு ஒப்புவதும் தனிக் கூலியாளரின் இலக்கணம். அந்தச் செயலி, இரு வகையிலும் தனக்கு ஆதாயமான பாதியை எடுத்துக்கொண்டு, தனக்குச் சுமையான பாதியை உம் தலையில் வைத்திருக்கிறது. ஷிர்க்கத்தோ இதன் பக்கத்திலேயே வரவில்லை.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆனால் ஹஜ்ரத், நினைத்தால் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். என் அத்தா சவூதியில் இருந்தபோது வாப்பும்மா மவுத்துக்குக்கூட வர முடியவில்லை. எனக்கு அந்த நிலை இல்லை" என்றார். இதற்கு நம்மிடம் உடனடி விடை இல்லை. அந்தச் சுதந்திரம் பொய்யானதன்று. அணைத்த நேரத்துக்குச் சோறு இல்லை என்பதும் மெய். இரண்டையும் ஒரே பிள்ளையின் வாயால் சொல்லவைக்கும் கதையை நம் எழுத்தாளர்கள் எழுத வேண்டும் என்று விரும்புகிறோம். பாவம் என்று இரங்கும் கதைகள் வேண்டாம், அவை போதுமான அளவு இருக்கின்றன. கடை வாசலில் நிற்கும் ஐந்து மணி நேரத்தில் அவன் என்ன நினைக்கிறான், யாருடன் நட்பாகிறான், தவணை நாளன்று என்ன பொய் சொல்கிறான், மஃக்ரிபை எங்கே தொழுகிறான் என்பனவற்றை எழுதினால் போதும்.

பிறரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் துறையைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது நேர்மையாகாது. மக்தபில் ஓதிக்கொடுப்பவரும் பள்ளிவாசலில் தொழவைப்பவரும் யார்? பாங்கு முதல் பாங்கு வரை வேறெங்கும் போக முடியாமல் தம்மை ஒப்படைத்து நிற்பவர்கள். தெளிவான தனிக் கூலியாளர்கள். குர்ஆன் ஓதிக்கொடுக்கவும் இமாமத்துக்கும் ஊதியம் பெறலாம் என்று பிற்கால ஹனஃபி அறிஞர்கள் தீர்ப்பளித்ததே, இவர்களுடைய வயிற்றையும் மார்க்கக் கல்வியின் தொடர்ச்சியையும் எண்ணித்தான். ஆயினும் ஊர்களில் இதைக் கூலி என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். 'கித்மத்' என்கிறார்கள். இளமையில் நாம் பணியாற்றிய ஓரிடத்தில், ரமளான் விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் கேட்டபோது, "கித்மத்துக்கு ஏது ஹஜ்ரத் சம்பளக் கணக்கு?" என்று அன்பாகவே சொல்லி அனுப்பினார்கள். அந்த அன்பை நாம் நாற்பது ஆண்டுகளாக மறக்கவில்லை. பார்ட்னர், சபராளி, கித்மத். உச்சரிப்பு வேறு, கணக்குப் புத்தகம் ஒன்றே.

சம்பந்தம் முறியவில்லை. பெண்ணின் பெரியத்தா நம்மிடம் வந்து அந்தரங்கமாகக் கேட்டார். பிள்ளை நேர்மையானவர், கடனை ஒளிக்காமல் சொல்லிவிட்டார், தாயாரைப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்ததைச் சொன்னோம். மாத வருமானத்தை நேரே அவரிடமே கேளுங்கள் என்றோம். கேட்டிருக்கிறார்கள். பிள்ளை கைப்பேசியைத் திறந்து மூன்று மாதக் கணக்கையும் காட்டியிருக்கிறார், காத்திருந்த மணி உட்பட.

நிக்காஹ் அன்று தஃப்தர் எழுதும் பொறுப்பு நமக்கு வந்தது. தொழில் கட்டத்துக்கு வந்தவுடன் ஜமாஅத் காரியதரிசி, "வியாபாரம் என்று போட்டுவிடுங்கள் ஹஜ்ரத், எல்லோருக்கும் அதுதானே" என்றார். மாமா, பார்ட்னர் என்றே இருக்கட்டும் என்றார். நாம் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவர் மாலைக்குள் இருந்து, "சாப்பாடு கொண்டு கொடுக்கிற கூலி வேலை என்று எழுதுங்கள் ஹஜ்ரத்" என்றார். எழுதினோம். அந்தக் கட்டம், 'துபாய்' என்று எழுதுவதற்கு அளவாகக் கோடு போட்டது. எழுத்து அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. அங்கே மஹர் தொகையை எழுத இடம் போதாமல், அதற்கும் அடுத்த வரியில் எழுத வேண்டியதாயிற்று.